தோட்ட விளையாட்டும் உழைப்பின் முதற்பாடமும்

பாலர் கல்வியில் தோட்ட விளையாட்டை வெறும் பொழுதுபோக்காகக் கொள்வோர் பலர். அதன் வரலாறு வேறொன்றை உணர்த்துகிறது. ஜேர்மனியக் கல்வியாளர் புரோபல் 1837இல் பிளாங்கன்பேர்க்கில் தொடங்கிய நிலையத்துக்கு 1840இல் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது 'குழந்தைகளின் தோட்டம்', எனப் பெயரிட்டார். அது வெறும் உருவகமன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தனிப்பாத்தி; அனைவரும் சேர்ந்து பேணப் பொதுப்பாத்தி என்பதே அவரது திட்டம். புரோபல் ஆழ்ந்த சமயப்பற்றாளர். எனினும் பிரஷ்ய அரசு நாத்திகமும் சோசலிசமும் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டி 1851இல் இந்நிலையங்களைத் தடைசெய்தது. தடை 1860 வரை நீடித்தது.

பாவனை விளையாட்டின் உளவியலைச் சோவியத் அறிஞர் வைகோட்ஸ்கி 1933இல் விளக்கினார். கோலைக் குதிரையாக்கும் குழந்தை பொருளிலிருந்து அர்த்தத்தைப் பிரிக்கிறது. அருவச் சிந்தனைக்கு அதுவே பாலம். தடியை மண்வெட்டியாகவும் சிரட்டையை வாளியாகவும் கொள்ளும் குழந்தை செய்வதும் இதுவே. 'நான் தண்ணீர் ஊற்றுகிறேன், நீ விதை போடு' என வேலையைப் பங்கிடுகையில் மொழியும் கூட்டொழுங்கும் வளர்கின்றன.

சிற்றில் இழைத்துச் சிறுசோறு அடும் சிறுமியரைச் சங்க இலக்கியம் அறியும். ஆயின் அவ்விளையாட்டு அடுக்களையைப் பெண்ணுக்கே உரியதாக்கிப் பழக்கியது. தோட்ட விளையாட்டில் அப்பிரிவினை தேவையில்லை. வாளியும் மண்வெட்டியும் இருபாலார் கையிலும் மாறிவரலாம்.

பாவனையில் விதை சொன்னவுடன் முளைக்கும். மண்ணிலோ பயறு முளைக்கச் சில நாட்கள் வேண்டும். நீர் மறந்தால் வாடும். எனவே பாவனைத் தோட்டத்தருகே மெய்யான பாத்தியும் இருத்தல் அவசியம். கற்பனையின் சுதந்திரமும் இயற்கையின் நியதியும் அங்கேதான் சந்திக்கின்றன. உழைப்பை இழிவெனக் கருதாத தலைமுறைக்கு அதுவே முதற்பாடம்.