மகள் கூப்பிட்ட விருந்து: பில்லில் வந்த ‘பிளஸ் பிளஸ்’!

சென்னை:

புரசைவாக்கத்தில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவர் அவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகளுக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமையே, "அம்மா, இன்னிக்கு அடுப்புக்கு லீவு. ரெண்டு பேரும் கிளம்புங்க" என்றாள் மகள்.

எங்கே? கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடு படகுத் துறையைத் தாண்டி, கடலை ஒட்டிய ஓர் உல்லாச விடுதி. மத்தியானச் சாப்பாடு. போனில் விலை கேட்டதற்கு, "தலைக்கு 1,500 ரூபாய், பிளஸ் பிளஸ்" என்றார்களாம். ஒரு கவரில் 6 ஆயிரம் ரூபாயை எடுத்து வைத்துக்கொண்டாள் மகள். மூன்று பேருக்கு தாராளம் என்று கணக்கு.

"வண்டி எங்கே சார்?"

பஸ்சில் போய் இறங்கி, வாசலுக்கு நடந்தார்கள். காவலாளி இவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "வண்டி எங்க சார்?" என்றார்.

"அது போயிடுச்சுப்பா. கண்டக்டர் விசில் கொடுத்துட்டாரு" என்றார் கடைக்காரர். காவலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சல்யூட் அடித்து உள்ளே விட்டார்.

உள்ளே பபே சாப்பாடு. அதாவது, தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, நண்டு, பிரியாணி, வெள்ளைக்காரச் சாப்பாடு நாலு வகை, இனிப்பு மட்டும் ஒரு மேஜை நிறைய. ஜன்னலுக்கு வெளியே கடல். குளிர்ந்த காற்று. தட்டு காலியாவதற்குள் எடுத்துக்கொண்டு போக ஓர் ஆள்.

மகள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். கடைக்காரர் இறாலை மூன்று முறை போட்டுக்கொண்டார். அந்த அம்மாளோ எல்லாவற்றையும் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, கடைசியில் தயிர் சாதமும் ஊறுகாயும் வாங்கி வந்து உட்கார்ந்தார்.

"ஆயிரத்தி ஐநூறு ரூபாய்க்குத் தயிர் சாதமா?" என்று கணவர் தலையில் அடித்துக்கொள்ள, "எனக்கு இதுதாங்க சாப்பிட்ட மாதிரி இருக்கு" என்றாராம். (எந்த வீட்டில் இது நடக்கவில்லை!)

பில் வந்தது

சாப்பாடு ரூ.4,500. இரண்டு பாட்டில் தண்ணீர் ரூ.300. சேவைக் கட்டணம் 10 சதவீதம், ரூ.480. இவ்வளவுக்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ரூ.950.40. மொத்தம் ரூ.6,230.40.

கவரில் இருந்தது 6 ஆயிரம். மகளின் முகம் சுருங்கியது. கடைக்காரர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். "வேணாம்பா, நான்தானே கூப்பிட்டேன்" என்றாள் மகள். அப்பா பணம் போட்டால் அது மகள் வைத்த விருந்து ஆகுமா?

அப்போதுதான் பில்லை இன்னொரு தடவை படித்தார். வியாபாரி அல்லவா? "சும்மா இருங்கப்பா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று மகள் கையைப் பிடித்தாள். அவர் விடவில்லை. மானேஜர் வந்தார்.

"சார், சேவைக் கட்டணம் எங்க ரூல். அந்த ரெண்டாவது பிளஸ் அதுதான்."

"தம்பி, நானும் ஜி.எஸ்.டி. கட்டுற ஆளு. வரி கேளுங்க, தர்றேன். இது வரி இல்லையே. நாங்க இஷ்டப்பட்டாத்தானே கொடுக்கணும்?"

சட்டம் என்ன சொல்கிறது?

கடைக்காரர் சொன்னது சரி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி வெளியிட்ட விதிப்படி, ஓட்டல்கள் சேவைக் கட்டணத்தைத் தாங்களாகவே பில்லில் சேர்க்கக்கூடாது. வேறு பெயரிலும் வாங்கக்கூடாது. அதையும் கூட்டி அதன் தலையில் ஜி.எஸ்.டி. போடக்கூடாது. ஓட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28-ந் தேதி டெல்லி ஐகோர்ட்டு அந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. கேட்டும் எடுக்க மறுத்தால் 1915 என்ற நம்பருக்குப் போன் போட்டுப் புகார் செய்யலாம்.

ஆனால் 18 சதவீத வரியில் தப்பு இல்லை. சாதாரண ஓட்டலில் சாப்பாட்டுக்கு 5 சதவீதம்தான். 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள முறைப்படி, முந்தைய நிதி ஆண்டில் ஏதாவது ஓர் அறையை நாளுக்கு ரூ.7,500-க்கு மேல் வாடகைக்கு விட்டிருந்தால், அந்த விடுதிக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் 18 சதவீதம். ரூம் போட்டவர் யாரோ, வரி சாப்பிட வந்தவருக்கும் சேர்த்து!

தண்ணீர் பாட்டில் விஷயத்திலும் கடைக்காரர் வாயைத் திறக்க முடியவில்லை. பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ஓட்டல்கள் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. உட்கார்ந்ததுமே "பாட்டில் வேண்டாம், சாதா தண்ணீர் கொடுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். மூவருக்கும் அது தோன்றவில்லை.

புது பில்

மானேஜர் உள்ளே போனார். பத்து நிமிஷம் ஆளைக் காணோம். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மகள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது பில் வந்தது. ரூ.5,664. சேவைக் கட்டணமும் போய், அதன் மேல் போட்ட வரியும் போய், ரூ.566.40 குறைந்திருந்தது.

கவரைத் திறந்து மகளே எண்ணிக் கொடுத்தாள். மிச்சத்தில் 200 ரூபாயை, தட்டு எடுத்த பையன் கையில் வைத்தார் கடைக்காரர். "இது உனக்குப்பா. மானேஜர்கிட்ட போகவேண்டாம்" என்றாராம்.

முதலில் வந்த பில்லை செல்போனில் படம் எடுத்து வந்திருக்கிறார். அந்தப் படம் இப்போது கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. நோட்டு வாங்க வருகிறவர்களும் எட்டிப் பார்க்கிறார்கள்.

அந்த அம்மாளைக் கேட்டோம். "தயிர் கொஞ்சம் புளிப்புங்க. மத்தபடி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.