பட்டியலின் மேல் மிதக்கும் பொத்தான்

மாதத்தின் முதல் நாளில் வர வேண்டிய வீட்டு வாடகை வரவாகவில்லை என்று அண்மையில் ஒரு பெரியவர் எங்கள் கிளைக்கு வந்தார். குடியிருப்பவரோடு அதற்குள் ஒரு வாக்குவாதமும் நடந்து முடிந்திருந்தது. அவர் கைபேசிச் செயலியில் அம்மாதத்துக்கான கணக்கு விவரத்தைத் திறந்து பார்த்தோம். கடைசி வரியில் தேதி இருந்தது, அனுப்பியவர் பெயர் இருந்தது. தொகை இருக்க வேண்டிய இடத்தில் வட்டமான நீலப் பொத்தான் ஒன்று அமர்ந்திருந்தது. தொகை அதன் அடியில் இருந்தது.

இத்தகைய மிதக்கும் பொத்தான்கள், 2014ஆம் ஆண்டு கூகுள் வெளியிட்ட மெட்டீரியல் டிசைன் என்னும் வடிவமைப்பு நெறிகளுக்குப் பின் பரவலாயின. மேசைமேல் விரித்த கண்ணாடியையும், அதன் கீழே நகர்த்தப்படும் நீண்ட தாளையும் எண்ணிப் பாருங்கள். பட்டியல் அந்தத் தாள்; பொத்தான் கண்ணாடியின் மேல் ஒட்டப்பட்டது. தாள் எவ்வளவு நகர்ந்தாலும் பொத்தான் அசையாது. நூறு வரிகளைக் கடந்து சென்றபின்னும் 'பணம் அனுப்பு' என்பது கட்டைவிரலுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும். வசதி அதுதான்.

பட்டியலின் முடிவில் பொத்தானின் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வெற்றிடம் விடுவது செயலியை அமைப்போரின் கடமை. அப்போதுதான் கடைசி வரியைப் பொத்தானுக்கு மேலே இழுத்துப் பார்க்க இயலும். அதை மறந்துவிட்டால் மேற்சொன்ன குழப்பம் நேர்கிறது. சில செயலிகளில் பட்டியலைப் படித்துக்கொண்டு போகையில் பொத்தான் மறைந்து, திரும்பி வருகையில் தோன்றும். எனக்கு அம்முறையே பிடிக்கும்; ஆனால் பொத்தானைக் காணவில்லை என்று கிளைக்கு வருவோரும் உண்டு!

தொகை மறைந்திருந்தால் அந்த வரியின் இடப்பக்கத்தைத் தொடுங்கள்; பெரும்பாலான செயலிகளில் முழு விவரமும் தனிப் பக்கத்தில் திறக்கும். பெரியவருக்கும் அப்படித்தான் வாடகைத் தொகை தெரிந்தது.

கவலைக்குரியது வேறொரு பொத்தான். ஆண்ட்ராய்டு கைபேசிகளில், நீங்கள் அனுமதி அளித்தால், ஒரு செயலி மற்றொரு செயலியின் திரைமீதும் தன் பொத்தானை வரைய முடியும். மோசடிச் செயலிகள் இதனைப் பயன்படுத்தி, வங்கிப் பக்கத்தின் மேல் போலித் திரையை விரிக்கின்றன. ஐயம் எழுந்தால் வங்கிச் செயலியை விட்டு முகப்புத் திரைக்கு வாருங்கள். பொத்தான் அங்கும் மிதந்தால் அது வங்கியுடையதன்று. கைபேசி அமைப்புகளில் 'பிற செயலிகளின் மேல் காட்டுதல்' என்ற அனுமதிப் பட்டியலைத் திறந்து, அறியாத பெயர்களுக்கு அனுமதியை நீக்குங்கள். பணம் ஏற்கெனவே பறிபோயிருப்பின் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, கிளைக்கும் தெரிவியுங்கள்.