600 கிலோமீட்டர் மனிதச் சங்கிலி!

குட்டீஸ், உங்கள் பள்ளியில் எல்லோரும் கைகோர்த்து நின்றால் வரிசை எவ்வளவு தூரம் போகும்? ஐரோப்பாவில் 600 கிலோமீட்டருக்கும் மேல் போயிருக்கிறது!

எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் பக்கத்துப் பக்கத்துக் குட்டி நாடுகள். 1939-ல் ஜெர்மனியோடு ரகசிய ஒப்பந்தம் போட்ட சோவியத் யூனியன், அடுத்த ஆண்டே இவற்றைப் பிடித்துக்கொண்டது. ‘ரகசிய ஒப்பந்தமா? அப்படி எதுவும் இல்லையே’ என்று சாதித்தது வேறு!

1989, ஆகஸ்ட் 23. ஒப்பந்தத்துக்கு 50 வயதான நாள். மாலை 7 மணிக்கு மூன்று தலைநகரங்களையும் இணைத்து, சுமார் 20 லட்சம் பேர் 15 நிமிடம் கைகோர்த்து நின்றார்கள். செல்போன் ஏது அப்போது? எல்லாம் ரேடியோ அறிவிப்புதான். வாகன நெரிசலில் சிக்கியவர்கள் வழியிலேயே தனிச் சங்கிலி அமைத்துவிட்டார்கள்!

அந்த டிசம்பரில் சோவியத் நாடாளுமன்றம் ரகசிய ஒப்பந்தத்தை ஒப்புக்கொண்டு கண்டித்தது. 1991-ல் மூன்று நாடுகளும் மீண்டும் சுதந்திரம் பெற்றன. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் ஒரே நாளில்தான்!