மணத்தில் மயங்காமல் தேநீரைச் சுவைப்போம்

(வீட்டில் சீனியைக் குறைப்பது பற்றிய தொலைக்காட்சிக் கருத்துக்களம் ஒன்றில், டெங்கிலைச் சேர்ந்த அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் எழுந்தவுடன் நம் வீட்டில் முதலில் கேட்கும் குரல் எது? “தண்ணி கலக்கியாச்சா?” என்பதுதான். கோப்பியோ தேயோ, அது இல்லாமல் பசியாற முடியாது. விருந்தாளி வந்தாலும் தே, துக்க வீட்டிலும் தே, கூட்டம் முடிந்து மாமாக் கடையில் உட்கார்ந்தாலும் தே. ஆனால் ஒரு கேள்வி. நாம் குடிப்பது தேயிலையின் சுவையையா, அல்லது சீனியின் சுவையையா?

இந்தக் கேள்வி என் வீட்டிலேயே எழுந்தது. கிளினிக்கில் என் தாயாருக்கு இனிப்பு நீர் என்று சொல்லிவிட்டார்கள். டின் பாலில் ஏறக்குறைய பாதி எடை சீனிதான் என்பதை டாக்டர் விளக்கினார். வீட்டுக்கு வந்ததும் தே ஓ கோசோங் கலக்கிக் கொடுத்தோம். ஒரு மிடறு குடித்துவிட்டுக் குவளையைத் தள்ளி வைத்தார். “இது கஷாயம். இதைக் குடிக்கிறதுக்கு நான் பச்சைத் தண்ணியே குடிப்பேன்” என்றார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டு ஆய்வில் மொத்த விழுக்காடு 15.6க்கு இறங்கியது. ஆனாலும் நம் வீடுகளில் இந்த நோய் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்காக நான் தேடிப் போனதுதான் மணமூட்டிய இலைத் தேநீர். லிச்சி, மாம்பழம், ரோஜா, இஞ்சி, ஏலக்காய் என்று பேரங்காடி அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். 50 கிராம் டப்பா ஒன்றை 40 வெள்ளி கொடுத்து வாங்கினேன். மூடியைத் திறந்ததும் வீடே மாம்பழத் தோட்டமாகிவிட்டது. கொதிநீர் ஊற்றிக் குடித்தால்? வாயில் மாம்பழமும் இல்லை, தேயிலையும் இல்லை. மருந்துக் கசப்புதான் மிஞ்சியது. அன்றுதான் புரிந்தது, மணம் வேறு, சுவை வேறு. இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவரை நம் காசும் போகும், சீனியும் திரும்பி வரும்.

மூக்கு செய்யும் வேலை

நம் நாக்குக்குத் தெரிந்த அடிப்படைச் சுவைகள் மிகக் குறைவு. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, இவற்றோடு உமாமி என்று அறிவியல் சொல்லும் ஒருவகைக் கறிச்சாற்றுச் சுவை. துவர்ப்பு என்பது வாய்க்குள் தோல் இழுத்துப் பிடிப்பது போன்ற ஓர் உணர்ச்சி. லிச்சி, ரோஜா, ஏலக்காய் என்று நாம் ‘சுவைப்பது’ எல்லாம் உண்மையில் தொண்டையின் பின்வழியாக மூக்குக்குப் போகும் மணம்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு மணமூட்டிய தேநீரை ஒரு மிடறு விழுங்குங்கள். பழமும் பூவும் காணாமல் போய்விடும். கசப்பும் துவர்ப்பும் மட்டும் நிற்கும். அதுதான் அந்தப் பொட்டலத்தில் இருக்கும் தேயிலையின் உண்மை முகம். பிறகு மூக்கை விடுங்கள். மணம் சட்டென்று மேலேறி வரும். அது சேர்க்கப்பட்ட பகுதி.

இதில் நமக்குச் சாதகமான செய்தி ஒன்றும் உண்டு. வெனிலா, பழுத்த பழம் போன்ற மணங்கள், சீனி இல்லாமலேயே ஓரளவு இனிப்பு உணர்வைத் தருகின்றன. சிறு வயது முதல் இந்த மணங்களை இனிப்போடு சேர்த்தே பழகியதால் மூளை அப்படி எடுத்துக்கொள்கிறது. ஆக, நல்ல மணம் சீனியைக் குறைக்கக் கைகொடுக்கும். அதே மணம் மட்டமான இலையை மறைக்கவும் செய்யும்.

மணம் ஏறும் மூன்று வழிகள்

தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. கறித்தூளுக்கும் பெலச்சானுக்கும் பக்கத்தில் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று இல்லத்தரசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் குணத்தைப் பயன்படுத்தித்தான் சீனர்கள் மல்லிகைத் தேநீர் செய்தார்கள். மாலையில் பறித்த மொட்டுகளை இலையோடு கலந்து வைப்பார்கள். இரவில் மொட்டு விரியும்போது மணத்தை இலை வாங்கிக்கொள்ளும். காலையில் பூவை அகற்றிவிட்டு, அடுத்த இரவு புதிய மொட்டுகளைப் போடுவார்கள். உயர்ந்த வகைக்கு இது பல இரவுகள் நடக்கும். அதற்குப் பயன்படுவது நம் குண்டுமல்லியேதான்!

இரண்டாவது வழி, ஏலக்காய், இஞ்சி, பட்டை, ஆரஞ்சுத் தோல் போன்றவற்றை நேரடியாகக் கலப்பது. நம் மசாலாத் தேநீர் இந்த வகை.

மூன்றாவது வழி, மண எண்ணெயை அல்லது எசென்ஸை இலை மீது தெளிப்பது. ஏர்ல் கிரே தேநீருக்குப் பெர்கமோட் என்ற ஆரஞ்சு வகையின் தோலெண்ணெய் மணம் சேர்க்கிறது. இத்தாலியின் கலாப்ரியா வட்டாரம் அந்தப் பழத்துக்குப் பெயர்போனது. கடைகளில் கிடைக்கும் பழத் தேநீர்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகைதான். உள்ளே கிடக்கும் பழத் துண்டுகளும் பூவிதழ்களும் பெரும்பாலும் கண்ணுக்கு அழகு. பொட்டலத்தின் பின்புறம் ‘பெரிசா’ என்ற மலாய்ச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மணப்பொருள் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அது குற்றமல்ல. அடியில் இருக்கும் இலை நல்லதா என்பதுதான் கேள்வி.

இலையைப் பற்றிக் கொஞ்சம்

டெங்கில்வாசிகளான நமக்குத் தேயிலை தூரத்து விஷயம் அல்ல. கேமரன் மலையில் 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனம், நம் அண்டை மாவட்டமான கோல லங்காட்டின் புக்கிட் சீடிங்கிலும் தாழ்நிலத் தேயிலை பயிரிட்டது. 1933இல் தொடங்கிய பாரத் நிறுவனமும் கேமரன் மலையில்தான் வேரூன்றியது. அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! மலையில் குளிர் அதிகம் என்பதால் செடி மெதுவாக வளரும், மணம் கூடும். தாழ்நில இலையில் நிறமும் அழுத்தமும் அதிகம், மணம் குறைவு.

இலை முழுதாக, சுருண்டு இருந்தால் சாறு மெதுவாக இறங்கும். தூளாக இருந்தால் உடனே கறுத்து, துவர்ப்பு ஏறும். தே தாரேக்குக்குத் தூள்தான் பொருத்தம். ஏனென்றால் டின் பாலை எதிர்த்து நிற்க அந்த வேகம் வேண்டும். பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், சீனி கசப்பை மறைக்கும். பாலும் சீனியும் இல்லாமல் அதே தூளைக் குடித்தால் என் தாயார் சொன்ன கஷாயம்தான். தவறு அம்மாவின் நாக்கில் இல்லை. தூளை மாற்றாமல் சீனியை மட்டும் எடுத்த எங்கள் மேல்தான் தவறு.

டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் இருப்பவர்களுக்கும், பிராங் பெசார் போன்ற பழைய தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கும் ஒன்று நினைவிருக்கும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் கறுப்பாகக் கலக்கிய தண்ணியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போன காலம் அது. பால்மரக் காட்டில் உடம்பு உழைத்த உழைப்புக்குச் சீனி கரைந்தது. இன்று நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். அளவு மட்டும் குறையவில்லை.

வீட்டில் சுவைப்பது எப்படி?

தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிப்பது ஒரு தொழில். கொழும்பில் 1883 முதல் நடக்கும் தேயிலை ஏலத்துக்கு ஆதாரமே அந்தச் சுவைஞர்களின் நாக்குதான். அவர்கள் செய்வது போல ஒரே சீராகச் செய்ய, 1980இல் ஐ.எஸ்.ஓ. 3103 என்ற அனைத்துலகத் தரமே வந்தது. 100 மில்லி லிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். அவ்வளவுதான். தேநீர் தயாரிக்க ஆறு பக்கத்தில் விதி எழுதியதற்காகப் பிரிட்டிஷ் தர நிறுவனத்துக்கு 1999இல் ‘இக் நோபல்’ என்ற கேலிப் பரிசு கொடுத்தார்கள்! சிரிக்கலாம். ஆனால் அந்த விதி ருசியான தேநீருக்காக எழுதப்பட்டதல்ல. இரண்டு தேநீரை நியாயமாக ஒப்பிடுவதற்காக எழுதப்பட்டது.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலையில் இப்படிச் செய்கிறோம்.

1. ஒரே மாதிரி வெள்ளைக் குவளைகள் மூன்று. ஒன்றில் மணம் சேர்க்காத நல்ல இலை, மற்ற இரண்டில் மணமூட்டிய வகைகள். வெறும் இலை பக்கத்தில் இருந்தால்தான் சேர்க்கப்பட்டது எது என்று தெரியும்.

2. சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள். பெரிய இலை கரண்டியில் குறைவாகவும், தூள் அதிகமாகவும் பிடிக்கும். சோதனைக்கு 200 மில்லி லிட்டருக்கு 4 கிராம், 6 நிமிடம். அந்த நேரத்தில் இலையின் குறைகள் ஒளிய முடியாது. தினமும் குடிக்க 2.5 கிராமும் 3 நிமிடமும் போதும். பச்சைத் தேயிலைக்குக் கொதிநீர் ஆகாது, கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றுங்கள்.

3. குவளையின் அடியில் எண்ணை ஒட்டி, வேறொருவர் இடம் மாற்றி வைக்கட்டும். எது விலை உயர்ந்தது என்று தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும்.

4. முதலில் காய்ந்த இலையின் வாசம், பிறகு நனைந்த இலையின் வாசம். அடுத்து மூக்கைப் பிடித்து ஒரு மிடறு, விட்டு ஒரு மிடறு. காற்றோடு சேர்த்து ‘சர்ர்’ என்று உறிஞ்சுங்கள். வீட்டில்தானே, மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

5. பாதியை ஆறவிட்டு மீண்டும் குடியுங்கள். இதுதான் உண்மையான பரீட்சை. சூட்டில் மணம் மேலேறி நம்மை மயக்கும். ஆறிய பிறகு நல்ல இலை இதமாக நிற்கும். மட்டமான இலையில் கசப்பும் எசென்ஸ் வாடையும் மட்டும் நிற்கும்.

விமர்சனம் எழுதுங்கள்

சுவைத்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ‘சூப்பர்’, ‘சுமார்’ என்று எழுதினால் அடுத்த மாதம் உங்களுக்கே புரியாது. இலையின் தோற்றம், சாயத்தின் நிறம், துவர்ப்பு எவ்வளவு, மணம் விழுங்கிய பின்னும் நிற்கிறதா, சீனி இல்லாமல் முழுக் குவளையும் குடிக்க முடிந்ததா என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால் கடைசிக் கேள்விக்குத்தான் அதிக மதிப்பெண்.

குவளை ஒன்றுக்கு என்ன விலை என்றும் கணக்குப் போடுங்கள். நான் வாங்கிய 40 வெள்ளி டப்பாவில் 20 குவளை வரும், ஒன்றுக்கு 2 வெள்ளி. அந்தக் காசுக்கு எங்கள் குறிப்பேட்டில் அது வாங்கிய இடம் கடைசி! மணம் சேர்க்காத கேமரன் மலை இலையில் ஓர் ஏலக்காயைத் தட்டிப் போட்டு, காய்ந்த ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிப் போட்டதுதான் முதலிடம் பிடித்தது. செராய், இஞ்சி, பாண்டான் இலை எல்லாம் நம் கொல்லையிலேயே இருக்கின்றன.

மல்லிகைத் தேநீரை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைத்தெருக்களில் விற்கும் மாலைப்பூ உணவுக்காக வளர்த்தது அல்ல, மருந்து அடித்திருக்கலாம். வீட்டுத் தொட்டியில் பூத்ததையே பயன்படுத்துங்கள். காலையில் பூவை எடுத்த பிறகு இலையை நன்றாகக் காய வையுங்கள், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். இன்னொன்று, தேநீர் மருந்து அல்ல. டாக்டர் கொடுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தக் கூடாது. இரத்தச் சோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிக்க வேண்டாம். உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதை அது தடுக்கும்.

அம்மா என்ன சொன்னார்?

ஒரே நாளில் மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். இரண்டு கரண்டிச் சீனி ஒன்றரையானது, ஒன்றானது, அரையானது. அதற்கே பல வாரங்கள் பிடித்தன. சனிக்கிழமைப் பரீட்சையில் எங்கள் எல்லாரையும் விட அவர் நாக்குதான் கூர்மை என்பது பிறகுதான் தெரிந்தது. “இதுல இலை பழசு, வாசத்தைப் போட்டு மூடியிருக்காங்க” என்று மூக்கைப் பிடிக்காமலே சொல்லிவிடுவார். இப்போது காலைத் தேநீரில் சீனி இல்லை. தீபாவளியன்று மட்டும் ஒரு கரண்டி கேட்டார். கொடுத்தோம். பாதி குடித்துவிட்டு, “என்னடா இது, இப்படித் தித்திக்குது” என்று வைத்துவிட்டார்.

நேயர்களே, அடுத்த முறை வீட்டுப் பெரியவர்களிடம் “சீனியை விடுங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். நல்ல இலையைத் தேடி வாங்கி, அளந்து கலக்கி, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து குடித்துப் பாருங்கள். எது நன்றாக இருக்கிறது என்று அவர்களையே சொல்ல விடுங்கள்.