வெள்ளை அங்கிக்காரர்களின் பள்ளிக்கூடம்

பிராஸ் பசா சாலை வழியாகப் பேருந்தில் போயிருந்தால் அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நடுவில் குவிமாடம். இரு பக்கமும் கைகளை நீட்டி அழைப்பதுபோல் வளைந்து வரும் தாழ்வாரங்கள். வாசல் மண்டபத்தின் மேல் இரண்டு சிறுவர்களோடு நிற்கும் ஒரு துறவியின் வெண்கலச் சிலை. தேவாலயம் என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும். சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகமாக அது 1996ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது பையன்களின் பள்ளிக்கூடம்: செயிண்ட் ஜோசஃப்ஸ் இன்ஸ்டிடியூஷன், சுருக்கமாக எஸ்ஜேஐ.

நான் அங்கே படித்தவன் இல்லை. பழைய பள்ளிகளைப் பற்றிய ஒரு வானொலித் தொடருக்காகத் தகவல் தேடியபோதுதான் அதன் கதைக்குள் போனேன். தொடருக்கு வேண்டியது பத்து நிமிடப் பேச்சு. எனக்குக் கிடைத்ததோ அதைவிட மிக அதிகம். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம் வீடுகளில் அங்கி போட்ட கத்தோலிக்கர் யாராக இருந்தாலும் ‘ஃபாதர்’ என்று சொல்லிவிடுவோம். இந்தப் பள்ளியை நடத்தியவர்கள் ஃபாதர்கள் அல்லர், பிரதர்கள். பூசை வைக்க மாட்டார்கள், பாவமன்னிப்புக் கேட்க மாட்டார்கள். திருமணம் செய்துகொள்ளாமல், சொத்து சேர்க்காமல், ஒன்றாக ஒரே வீட்டில் வாழ்ந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதே அவர்களுடைய துறவு. நம் ஊர் வெயிலில் அவர்கள் வெள்ளை அங்கியில் வலம் வந்தார்கள். லசால் சகோதரர்கள் என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர்.

சிலையில் நிற்பவர்தான் அந்த லசால். முழுப்பெயர் ஜான் பாப்டிஸ்ட் டி லசால். 1651ல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் வசதியான வீட்டில் பிறந்தவர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வந்த ஆசிரியர்களே அரைகுறையாகப் படித்தவர்களாக இருப்பதைக் கண்டு, 1681ல் அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார். உறவினர்கள் முகம் சுளித்தார்கள். பஞ்சம் வந்த ஆண்டில் தம் செல்வத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். 1950ல் போப்பாண்டவர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

அவர் செய்த மாற்றங்களில் இரண்டு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தன. அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதே லத்தீன் மொழியில். வீட்டில் யாரும் பேசாத மொழி. லசால் அதை மாற்றி, பிள்ளை முதலில் தாய்மொழியில் படிக்கட்டும் என்றார். இரண்டாவது, பணக்காரப் பிள்ளையையும் ஏழைப் பிள்ளையையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து இருவருக்குமே இலவசமாகக் கற்றுத்தந்தார். கட்டணம் வாங்கிப் பிழைத்துவந்த பாரிஸ் எழுத்தாசிரியர்கள் கொதித்துப்போய் அவர்மேல் வழக்குப் போட்டார்கள்.

அவர் காலத்தில் உருவான பள்ளி நடைமுறைக் கையேடு ஒன்று இருக்கிறது. ஆசிரியர் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தக்கூடாது, ஒரு சிறு கருவியைத் தட்டியே ‘படி’, ‘நிறுத்து’, ‘மறுபடி சொல்’ என்று சைகை காட்ட வேண்டும் என்கிறது அது. பேசியே சம்பளம் வாங்கும் எனக்கு இது கொஞ்சம் உறுத்தல்தான். அதே கையேட்டில் காலை உணவுக்கும் ஒரு பகுதி உண்டு. பிள்ளைகள் கொண்டுவந்த ரொட்டியை வகுப்பிலேயே சாப்பிட வேண்டும். அப்போது ஒரு மாணவன் கூடையோடு சுற்றி வருவான். மிஞ்சியதை அதில் போடலாம். ஒன்றும் கொண்டுவராத பிள்ளைகளுக்கு அது பிரித்துக் கொடுக்கப்படும். முந்நூறு ஆண்டுக்கு முந்திய ஒரு கையேட்டில் கணக்கும் கையெழுத்தும் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ரொட்டிக்கூடையை எதிர்பார்க்கவில்லை.

சிங்கப்பூருக்கு இவர்களை அழைத்துவந்தவர் ஃபாதர் ஜான் மேரி பெரெல். நம் குட் ஷெப்பர்ட் பேராலயத்தைக் கட்டி எழுப்பியவரும் அவர்தான். அவர் சார்ந்திருந்த பாரிஸ் அந்நிய மறைபரப்புச் சபை புதுச்சேரியில் தமிழர்களிடையேயும் நெடுங்காலம் பணியாற்றிய சபை. ஆசிரியர்களைத் தேடி 1850ல் பிரான்சுக்குக் கப்பல் ஏறிய பெரெல், 1852 மார்ச்சில் ஆறு பிரதர்களோடு திரும்பினார். அவர்களில் சிலர் பினாங்குக்குப் போனார்கள். அதே ஆண்டில் அங்கே செயிண்ட் சேவியர்ஸ் பள்ளி அவர்கள் கைக்கு வந்தது. கோலாலம்பூரின் செயிண்ட் ஜான்ஸ் 1904ல், ஈப்போவின் செயிண்ட் மைக்கல்ஸ் 1912ல் என்று வரிசை அப்புறம் நீண்டது. மலேசிய வாசகர்களில் பலருடைய தாத்தாவோ மாமாவோ இவற்றில் ஒன்றின் பெயரைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்வதை நீங்களே பார்த்திருக்கலாம்.

இங்கே வகுப்பு தொடங்கியது 1852 மே 8ஆம் தேதி, பேராலயம் வந்தபின் காலியாகக் கிடந்த பழைய சிற்றாலயத்தில். புதிய கட்டடத்துக்கு 1855 மார்ச் 19ல் அடிக்கல் நாட்டினார்கள். அது புனித ஜோசஃப் திருநாள், பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிரதர் லொத்தேர் வரைந்த நடுக்கட்டடம் 1867ல் முடிந்தது. வளைந்த இரு சிறகுகளையும் சேர்த்தவர் ஃபாதர் சார்ல்ஸ் நைன். இன்று நாம் திருமண வரவேற்புக்குப் போகும் சைம்ஸ் சிற்றாலயமும் அவர் கைவண்ணம்தான். லசால் சிலை 1913ல் ஏறியது.

ஜப்பானியர் காலத்தில் பள்ளியின் பெயரிலிருந்து புனிதர் போய்விட்டார், சாலையின் பெயர் வந்து உட்கார்ந்தது. போர் முடிந்ததும் அவர் திரும்பி வந்தார்.

தொடருக்காக எழுபதுகளின் கடைசியில் இருக்கும் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். ரேஸ் கோர்ஸ் ரோட்டிலிருந்து தினமும் நடந்தே பள்ளிக்குப் போனவர். பெயர் வேண்டாம் என்றார். “அப்பாவுக்குத் துறைமுகத்துல வேலை தம்பி. நாங்க ஆறு பிள்ளைங்க. புதுப் புத்தகமெல்லாம் கனவு. பிராஸ் பசாவுல வரிசையா பழைய புத்தகக் கடைங்க இருந்துச்சு. போன வருஷத்துப் புத்தகத்த வித்துட்டு இந்த வருஷத்துக்கு வாங்கிக்குவோம்.” ஒரு முறை அதற்கும் வழியில்லாமல் பக்கத்துப் பையனின் புத்தகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டியிருக்கிறார். ஒருநாள் காலை மேசைக்குள் கையை விட்டால் கணக்குப் புத்தகம் இருந்ததாம். “யாரு வச்சான்னு கேக்கல. ஐரிஷ் பிரதர் ஒருத்தரு, கணக்கு வாத்தியார். முகத்துல ஒண்ணும் காட்டிக்கல. அவருதான்னு எனக்குத் தெரியும்.”

பாடம் தொடங்கும்முன் ஒரு நொடி நிறுத்தி, கடவுள் நம்முன் இருக்கிறார் என்று நினைக்கச் சொல்வது லசால் பள்ளிகளில் உலகம் முழுக்க உள்ள வழக்கம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “நான் முருகன நெனச்சுக்குவேன். யாருக்குத் தெரியப்போகுது?” என்று சிரித்தார்.

இந்தப் பதில் எனக்கு வேறொரு காரணத்துக்காகவும் தேவைப்பட்டது. என் அக்காவின் மகன் இந்த ஆண்டு பிஎஸ்எல்இ எழுதுகிறான். எஸ்ஜேஐயும் அவர்களுடைய பட்டியலில் இருக்கிறது. “கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்துல போட்டா பிள்ளை திருநீறு பூசுவானா?” என்பது அக்கா மாமியாரின் கவலை. பெரியவரின் முருகனைச் சொன்னதும் அவருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. செரம்பானில் வளர்ந்த நம் எஸ்.ராஜரத்னம்கூட செயிண்ட் பால்ஸ் என்ற கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர்தான் என்று சேர்த்துச் சொன்னேன்.

ஆனால் என் கவலை வேறு. தாய்மொழியில் படிக்கட்டும் என்றவரின் பெயரால் வந்தவர்கள் இங்கே நடத்தியது ஆங்கிலப் பள்ளி. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆங்கிலம் தெரிந்தால் எழுத்தர் வேலை கிடைக்கும் என்று பெற்றோர்தான் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். பெரியவர் தமிழ் படித்தது இரவில், பாட்டியிடம். உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமானது 1966ல்தான். இன்றும் தன் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவன் பிற்பகலில் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் பேருந்து பிடிக்கிறான். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் ஒரு வரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன்.

இன்னொரு மாற்றம் பெரியது. 1988ல் எஸ்ஜேஐ மால்கம் ரோட்டுக்கு இடம் மாறியது. அதே ஆண்டில் சுயேச்சைப் பள்ளியாகவும் ஆனது. பழைய கட்டடம் 1992ல் தேசிய நினைவுச் சின்னமானது. புதிய வளாகத்தில் இப்போது கடைசி இரண்டு ஆண்டுகள் பெண்களும் படிக்கிறார்கள். அனைத்துலக பக்கலோரியேட் படிப்பு இருக்கிறது. முன்னாள் அதிபர் டோனி டானும் முன்னாள் அமைச்சர் ஜார்ஜ் இயோவும் இதன் பழைய மாணவர்கள். சுருங்கச் சொன்னால், பெற்றோர் போட்டி போடும் பள்ளி. சுயேச்சைப் பள்ளிகளில் கட்டணமும் அரசாங்கப் பள்ளியைவிட அதிகம். நிதியுதவித் திட்டங்கள் இருக்கின்றன, உண்மைதான். ஆனாலும் துறைமுகத் தொழிலாளியின் ஆறு பிள்ளைகளில் ஒருவன் இன்று இந்தப் பள்ளியைத் தன் பட்டியலில் முதலாவதாக எழுதுவானா? எழுத அவன் வீட்டில் துணிச்சல் வருமா?

பிரதர்களின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. ஏறத்தாழ 80 நாடுகளில் லசால் பள்ளிகள் இருந்தாலும் எங்கும் பாடம் நடத்துபவர்களில் பெரும்பாலோர் குடும்பம் குட்டி உள்ள சாதாரண ஆசிரியர்கள். பச்சை வெள்ளைக் கொடியும் ‘மன்றாடு, உழை’ என்ற பொருள்படும் லத்தீன் முழக்கவரியும் தானாகவே நிலைத்துவிடும். யாரும் பார்க்காமல் ஒரு மேசைக்குள் புத்தகம் வைக்கும் பழக்கத்தை யார் கைமாற்றிக் கொடுப்பது? பெரியவரிடம் இதைக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. அந்தப் பிரதர் காலமானபோது இறுதிச் சடங்குக்குப் போனதாகவும், தன்னைப் போலவே நரைத்த தலையோடு வந்திருந்த இன்னும் நாலைந்து பேர் ஆளுக்கொரு புத்தகக் கதை வைத்திருந்ததாகவும் மட்டும் சொன்னார்.

பள்ளியின் அறிமுக நாளுக்குப் போக அக்கா முடிவு செய்திருக்கிறாள். அவளுடைய கேள்விப் பட்டியலில் முதலாவது, தமிழ் வகுப்பு எங்கே, எத்தனை மணிக்கு என்பது. இரண்டாவது நான் எழுதிக் கொடுத்தது: நிதியுதவியில் படிக்கும் பையன்கள் எத்தனை பேர், அவர்களும் மற்றவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்கிறார்களா? மூன்றாவதை மாமியார் சேர்க்கச் சொன்னார். பள்ளிக்கூடக் கடையில் சாப்பாடு எப்படி என்பது.