கைபேசிக்கு எதிரி சாவி அல்ல, மணல்!

ஊருக்குப் பணம் அனுப்புவதும் பிள்ளைகளின் முகம் பார்ப்பதும் இன்று கைபேசியில்தான். அதன் கண்ணாடியில் கீறல் விழுந்தால், பையில் கிடந்த சாவியைத்தான் பலரும் திட்டுவார்கள். உண்மைக் குற்றவாளி மணல்! கடினத்தை அளக்கும் 'மோஸ்' அளவுகோலில் கண்ணாடிக்கு ஏறத்தாழ 6. மணலிலுள்ள குவார்ட்ஸுக்கு 7. பித்தளைச் சாவிக்கோ சுமார் 3தான்.

எனவே கட்டட வேலைக்குச் செல்வோர் கைபேசியை உறையிலிட்டு வைப்பது நலம். தூசியைத் தட்டிவிட்டே துடைக்க வேண்டும். சட்டை நுனியால் அழுத்தித் தேய்த்தால் மணலே உப்புத்தாளாகிவிடும்.

கைரேகை எளிதில் படியாதிருக்க, பல கைபேசிகளின் கண்ணாடியில் எண்ணெய் ஒட்டாத மெல்லிய பூச்சு உண்டு. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தால் அது போய்விடும். சற்றே ஈரமான மென்துணி போதும். மேலே ஒட்டும் காப்புக் கண்ணாடி, கீறலைத் தான் வாங்கிக்கொள்ளும்.