செய்திப்படங்கள் காட்டாதவை

கொட்டகைகளில் கதைப்படம் தொடங்குமுன் சில நிமிடங்கள் செய்திப்படம் காட்டுவது முன்னாளைய வழக்கம். தொலைக்காட்சி வீடுதோறும் புகாத அக்காலத்தில், மக்கள் உலக நடப்பைக் கண்ணாற் கண்டது அதன் வாயிலாகவே. பிரான்சு நாட்டில் 1945 முதல் 1969 வரை வெளிவந்த ‘ஆக்துவாலிதே பிரான்சேஸ்’ என்னும் செய்திப்படங்கள் இன்றும் காப்பகத்தில் பேணப்படுகின்றன.

அவற்றில் அரசியல் மட்டுமன்றிப் பொழுதுபோக்கும் உண்டு. கோடையில் கடற்கரைக் களிப்பு. இலையுதிர் காலத்தில் திராட்சை அறுவடை. மணல்வீடு கட்டும் குழந்தைகளையும் கூடை சுமந்து சிரிக்கும் பெண்களையும் காணும்போது, அந்நாடே விழாக்கோலம் பூண்டிருந்தது போலத் தோன்றும்.

ஆயினும் ஒன்று கேட்க வேண்டும். கடற்கரையில் அத்தனை தொழிலாளர் குடும்பங்கள் கூடியது எவ்வாறு? 1936 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் தொழிலாளர்க்கு ஊதியத்துடன் இரண்டு வார விடுமுறை அளித்தது. 1956 இல் அது மூன்று வாரமாயிற்று. அலையில் ஆடுவோரைப் படக்கருவி காட்டிற்று. அவர்களை அங்கே கொண்டுவந்த சட்டத்தைக் காட்ட அதனால் இயலவில்லை.

திராட்சை மதுவின் கதையும் இத்தகையதே. பழம் பறிப்பதும் பிழிவதும் கண்ணுக்கு இனிய காட்சிகள். ஆனால் சாறு மதுவாவது இருண்ட தொட்டிக்குள்ளே. அங்கே நொதி நுண்ணுயிர்கள் பழச் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. பல நாள் நிகழும் அம்மாற்றம் சில நிமிடப் படத்தில் அடங்குவதன்று. பருவக்கூலிகளாக ஸ்பெயினிலிருந்து தென்பிரான்சுக்கு வந்து, நாள் முழுதும் குனிந்து பழம் பறித்தோரின் முதுகுவலியும் அச்சிரிப்பில் தெரிவதில்லை.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. செய்திப்படங்கள் பெரும்பாலும் ஒலியின்றிப் படமாக்கப்பட்டன. விளக்கவுரையும் இசையும் பின்னரே சேர்க்கப்பட்டன. காட்சி நிகழ்ந்தது, அதற்குச் சொல்லப்பட்ட பொருளோ ஒருவர் கருத்து. ஆகவே, பழைய செய்திப்படம் ஒன்றைக் காணும் மாணவர், முதலில் ஒலியை அடக்கிவிட்டுப் பார்ப்பது நலம். முன்னே நிற்பவரை மட்டுமன்றிப் பின்னே நடமாடுவோரையும், அவர்தம் உடையையும் கைக்கருவியையும் கவனிக்க வேண்டும். பிறகு அவ்வாண்டின் சட்டத்தையும் கூலிக்கணக்கையும் நூலகத்தில் தேடலாம்.

செய்திப்படம் பொய்யன்று, பாதி உண்மை. மற்றப் பாதியைத் தேடிச் சேர்ப்பவரே வரலாறு பயில்பவர்.